மூன்றாவது முறை

ஷிராஸில் காலை ஏழு மணி. கூழாங்கற்கள் மேல் போட்டுச் சுட்ட ரொட்டி அடுப்பிலிருந்து வருகிறது, சூடான கற்கள் சில அதில் ஒட்டியிருக்கின்றன. விரல் சுடச் சுட அவற்றை உதிர்த்து, கடை வரிசையில் தனக்கு முன்னால் நிற்கும் அமெரிக்கப் பயணிப் பெண்ணிடம் கொடுக்கிறார் பெஹ்ரூஸ். பின்னால் நிற்கும் மஹ்லகா அவர் முதுகை இடிக்கிறாள். "கேளுங்கண்ணே. அவங்க ஊர்ல தேர்தல் வந்தா தடை போட்டு நம்ம மருந்துக்கடையைத்தானே காலியாக்குறாங்க? உங்க பொண்ணோட வலிப்பு மாத்திரையை இவ அனுப்பட்டுமே." "விருந்தாளிகிட்டயா? சும்மா இரு," என்கிறார் அவர். அந்தப் பெண் தானாகவே திரும்பி, தட்டுத்தடுமாறிய பாரசீகத்தில் கேட்கிறாள். "நாளைக்கு ஊருக்குப் போறேன். உங்களுக்கு ஏதாவது அனுப்பட்டுமா?" "நீ வந்ததே போதும்மா." "நிஜமா எதுவும் வேண்டாமா?" "ஒண்ணும் வேண்டாம். நல்லா இரு." இரண்டு முறை மறுப்பது இங்கே மரியாதை, மூன்றாவது முறை கேட்டால்தான் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். வரிசை முழுவதும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்க்கிறது. அவள் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்கிறாள். ரொட்டியை மடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறாள். "கூப்பிடட்டுமா?" என்கிறாள் மஹ்லகா. தெருமுனையில் அந்தப் பெண் மறையும்வரை பெஹ்ரூஸ் பார்த்துக்கொண்டே நிற்கிறார். "நல்ல பொண்ணு," என்கிறார். "நான் சொன்னதை அப்படியே நம்பிட்டா."