இடப்பக்கத்து இருமல்

ஜப்பானின் மொரியோகாவில் மிச்சிரு அக்காவின் ஜாஸ் காபிக்கடை. இசைத்தட்டு ஓடும்போது அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. மாலை வெயில் சுழலும் தட்டின்மேல் வழுக்குகிறது. காந்தமில்லாமல், ஊசியின் அழுத்தத்தை உணர்ந்தே பாடும் அக்காவின் பழைய கார்ட்ரிட்ஜ் என்ற ஊசிப்பெட்டிக்கு, ஊசியைத் தாங்கும் புது ரப்பரும் புது வைர ஊசியும் போட்டு இன்றுதான் மாட்டியிருக்கிறார், கடையின் வாடிக்கையாளரும் பழுதுபார்ப்பவருமான நுனோகாவா. பியானோ ஓய்ந்த இடைவெளியில் ஓர் இருமல். கோப்பை துடைத்த கை நிற்க, அக்கா நுனோகாவாவை முறைக்கிறார். "மறுபடியும் நீயா? இதே தட்டுக்கு இருமித்தானே அன்னைக்கு உன்னை வெளிய அனுப்பினேன்!" நுனோகாவா ஊசியைத் தூக்கி, சற்றுப் பின்னால் வைக்கிறார். அதே இருமல், இடப்பக்க ஒலிபெருக்கியிலிருந்து. ஊசியை மறுபடி தூக்குகிறார். "அன்னைக்கும் தட்டுக்குள்ள இருக்கிறவன்தான் இருமினான். அப்புறம் ரப்பர் இறுகி, அவன் சத்தத்தை அமுக்கிடுச்சு." அக்காவின் காது சிவக்கிறது. "அதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" "தட்டு ஓடிக்கிட்டிருந்துச்சேக்கா."