பட்டாபியின் தும்மல்

தாய் தயிர் சாப்பிட்டால் கைக்குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பது பிழையான கருத்து. தயிர் வயிற்றுக்குப் போகிறது. அங்கிருந்து கிளம்பி இன்னொருவருடைய மூக்கில் போய் உட்கார அதற்கு வழி கிடையாது. மருத்துவ நூல்கள் இந்த விஷயத்தில் ஒருமனதாக இருக்கின்றன.

சீதாலக்ஷ்மி மருத்துவ நூல்கள் படிப்பதில்லை.

"தலைக்குக் குளிச்ச அன்னிக்கே தயிர் சாதம். நான் பார்த்துண்டேதான் இருந்தேன்" என்றாள் மருமகள் ஜானவியிடம்.

ஜானவி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு மாதக் குழந்தை ஆதிரா ரெண்டு வாய் பால் குடித்தது. மூச்சு முட்டி வாயை எடுத்தது. அழுதது. மறுபடி ரெண்டு வாய். காலையிலிருந்து இப்படித்தான்.

கிழக்கேகோட்டையில் அந்தத் தெரு முழுக்க யோசனை சொல்லிவிட்டது. வசம்பு என்றது பக்கத்து வீடு. உச்சியில் ராஸ்னாதிப் பொடி என்றது எதிர்வீடு. ஜானவியின் கணவன் கைலாஷ் எல்லாவற்றையும் செல்போனில் தேடிப் பார்த்து, முன்னைவிட அதிகமாகக் குழம்பி, கடைசியில் ஆட்டோ பிடித்தான். சீதாலக்ஷ்மியும் ஏறிக்கொண்டாள்.

மலையாளி டாக்டர் ஆர்யா குழந்தையைப் பரிசோதித்தார்.

"பேடிக்கேண்டா, பயப்பட ஒண்ணுமில்லை. மூக்குதான் அடைச்சிருக்கு, நெஞ்சு கிளியர். பால் குடுக்கறதுக்கு முன்னாடி இந்த உப்புநீர்ச் சொட்டு விடணும். தைலம், பொடி ஒண்ணும் வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமானாலோ, பாலே குடிக்கலைன்னாலோ உடனே கொண்டு வரணும்."

"தயிர்?" என்றாள் சீதாலக்ஷ்மி.

"தயிரோ? அம்மே, சளி ஆள்கிட்டேர்ந்து ஆளுக்கு வர்றது. சளி பிடிச்ச யாரோ கொஞ்சியிருக்காங்க. அந்த ஆளை முதல்ல தள்ளி நிறுத்துங்க."

தயிர் விடுதலையாகிவிட்டது. ஆனால் வழக்கு முடியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சீதாலக்ஷ்மி கூடத்தின் நடுவில் நின்று விரலை மடக்கினாள்.

"குழந்தையை யார் யார் தூக்கினா? நான். எனக்கு ஒண்ணுமில்லை. பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாள் வந்தா, தள்ளி நின்னு பார்த்துட்டுப் போய்ட்டா. அப்புறம் ஞாயித்துக்கிழமை..." பார்வை மருமகள் மேல் நின்றது. "உங்கப்பா திருநெல்வேலிலேர்ந்து வந்தார், அல்லே?"

ஜானவி குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அச்!"

ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பட்டாபி தும்மினார். சீதாலக்ஷ்மியின் கணவர், கணக்கு ஆடிட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன்னா, உங்களுக்கா சளி?"

"ஆமா. போன வாரத்திலேர்ந்து."

"சளியை வச்சுண்டா குழந்தையைத் தோள்ல போட்டுண்டு நடந்தேள்?"

"சாதாரணச் சளிதானேன்னு..."

"ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடிச்சு சம்பளம் வாங்கினவர்! சொந்த மூக்கு தெரியலை!"

ஜானவிக்கும் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. அவ மூச்சு விட முடியாமத் தவிக்கறா."

"தப்புதாம்மா" என்றார் பட்டாபி.

அவரை மாடி அறைக்கு அனுப்பினார்கள். சாப்பாடு வாசற்படிவரை வந்தது. சாயங்காலம் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிற வேலை அவர் கையை விட்டுப் போனது. சொர்ணம்மாள் தெருவில் நின்றபடியே, "படிச்ச மனுஷன் பண்ற காரியமா இது?" என்று கேட்டாள். மாடி ஜன்னல் திறந்துதான் இருந்தது.

கைலாஷுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. அப்பாவின் குரல் கட்டவில்லை. அவர் மூக்கை உறிஞ்சவும் இல்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் மட்டும் தும்மல் சரம் சரமாக வந்தது. அம்மா ஏறினால் இன்னும் நீளமான சரம். சளிக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

ஒரு மத்தியானம் சத்தமில்லாமல் ஏறிப் போனான். பட்டாபி கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் மூக்கில் வைத்தபடி அப்படியே நின்றார். மேஜையில் மூக்குப்பொடி மட்டை.

"பொடியா? நீங்களா?"

"கதவைச் சாத்து. முதல் தும்மலை வாயாலேயே சமாளிச்சுட்டேன். உங்கம்மா தினம் நம்பணுமே."

"அப்போ சளி?"

"எனக்கேதுடா சளி?"

கைலாஷ் கட்டிலில் உட்கார்ந்தான். "பின்னே குழந்தைக்கு யார்கிட்டேர்ந்து?"

"உன் மாமனார் நீலகண்டன் ஞாயித்துக்கிழமை குழந்தையை உச்சிமோந்தாரே, அப்போ அவருக்கு மூக்கு ஒழுகிண்டிருந்தது. பாவம், ஆசையில அவருக்கே தெரியலை. நான்தான் கைக்குட்டை குடுத்தேன். உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சும்மா விடுவாளா? அவ ஒரு வார்த்தை சொன்னா, அந்த மனுஷர் அப்புறம் இந்தப் படி ஏறுவாரா?"

"அதுக்காக நீங்க பேத்தியைத் தூக்காம..."

"சாரமில்லைடா, பரவாயில்லை. நான் இங்கேயே கிடக்கறவன், நாளைக்குத் தூக்கிக்கலாம். அவர் எப்பவாவது வர்றவர்."

படியில் காலடி கேட்டது. பட்டாபி அவசரமாக ஒரு சிட்டிகை எடுத்தார்.

சொட்டு மருந்தில் குழந்தைக்கு மூக்கு திறந்தது. பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கியது.

அடுத்த மாதம் நீலகண்டன் வந்தார். சீதாலக்ஷ்மியே குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"உங்களை நம்பிக் குடுக்கலாம். இவரைத்தான் கிட்டயே விடறதில்லை. எப்பப் பார்த்தாலும் தும்மல்!"

நீலகண்டன் வருத்தத்தோடு திரும்பிப் பார்த்தார். "சம்பந்தி, கைக்குழந்தை இருக்கிற வீடு. கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கப்படாதோ?"

"இருக்கேன்" என்றார் பட்டாபி.

செருப்பை மாட்டிக்கொண்டு பழவங்காடிப் பக்கம் கடைக்குக் கிளம்பினார். நடிப்புக்காகத் தொட்ட பொடி பழக்கமாகி, இப்போது மட்டை தீர்ந்துவிட்டது.