கூட ஒரு ஸ்வெட்டர்

சன்னலோரப் பெஞ்சில் பக்கத்து வீட்டு ஃப்ளோரியா. அடுப்புக்குப் பக்கத்து முக்காலியில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு சாக்குப் பையோடு ஞானத்தகப்பன் தனாசே. கதவில் சாய்ந்தபடி அனீசியாவின் மகன் இலாரி. எல்லோருக்கும் நடுவே, தலை வாரி, புதுக் காலுறை போட்டு, கிளம்பத் தயாராக ஸ்மராந்தா.

அனீசியாவுக்கு மட்டும் உட்கார நேரமில்லை. மகளின் காலருகே இருந்த சாம்பல் நிறப் பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வண்டி வாசலுக்கு வந்துவிட்டது.

கோடை வந்துவிட்டால் ஸ்மராந்தாவை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. தனியாகத்தான் மலையேறுவாள், அந்த ஒற்றைப் பையோடு. கனத்தைக் குறைக்க வேண்டுமென்று பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக அறுத்து வைத்திருந்தாள். கரண்டி ஒன்று போதும், அதிலேயே சூப்பும் குடிக்கலாம், பள்ளமும் தோண்டலாம் என்பாள்.

அம்மா கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே செருகுவதையெல்லாம் பஸ் நிறுத்தத்தில் வெளியே எடுத்து, ரொட்டிக் கடைக்காரியிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். 'இந்த ஜாம் பாட்டிலை நீயே முதுகில் கட்டிக்கொண்டு ஏறிப் பார்' என்று ஒரு துண்டுச் சீட்டும் கூடவே வரும்.

ஆனாலும் தாய் மனசு கேட்குமா? இன்றும் ரொட்டி, அக்ரூட், பிளம் ஜாம் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் பைக்குள் போனது. வழியில் சுங்கச்சாவடிகள் உண்டு, கேட்கிற இடத்தில் கொடுக்க வேண்டும் என்று சில்லறையைக் கைக்குட்டையில் முடிந்து மகளின் கைப்பக்கம் வைத்தாள்.

ஃப்ளோரியா மெல்ல எழுந்து வந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். புருஷன் காவ்ரிலுக்குப் புகையிலையாம். அந்த மனுஷன் போய் மூன்று வருஷமாகிறது, இதை முகர்ந்தாவது பெண்டாட்டி ஞாபகம் வரட்டும் என்றாள்.

இலாரிக்குப் பொறுக்கவில்லை. "ஆளாளுக்கு அவ தலையில கட்டுறீங்களே, அத்தை. அவளுக்குச் சுமைன்னாலே ஆகாதுன்னு தெரியாதா?"

"கனமா இருந்தது என் புருஷன்தான்டா. அவன் புகையில கனக்காது."

தனாசேக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த கையோடு தலையைக் குனிந்து தொப்பியைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

இலாரி சொல்வதிலும் நியாயம் இருப்பதாக அனீசியாவுக்குப் பட்டது. போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஜாம், அக்ரூட், ரொட்டி. பையில் பாதி பிரஷும் ஒரு கரண்டியும் புகையிலைப் பொட்டலமும்தான் மிச்சம். தூக்கிப் பார்த்தாள். காற்றாக இருந்தது. ஸ்மராந்தாவுக்குப் பிடித்திருக்கும்.

பிறகு அலமாரியைத் திறந்து அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். போன குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பின்னியது. கழுத்தை மட்டும் இரண்டு தடவை பிரித்துப் பின்னினாள், மகளுக்குக் கழுத்தைப் பிடித்தால் பிடிக்காது என்று.

"அம்மா, அது வேண்டாம்னு அவளேதான..."

"போன தடவையும் வேண்டாம்னுதான் ரொட்டிக்கடையில குடுத்துட்டுப் போனா. அன்னைக்கு ராத்திரி மலையில பனி கொட்டுச்சு."

இலாரி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான். அனீசியா ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்தினாள்.

"கோவிச்சுக்காதடி. இது ஒண்ணுதான். இதத் திருப்பி அனுப்பாத."

இனி ஒரு வேலைதான் பாக்கி. விடிந்ததும் எழுதி முடித்த கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள். புருஷனுக்கு எழுதியது. ஸ்மராந்தா நாலு வயதுக் குழந்தையாக இருக்கும்போது போன கிரிகோரே, அதற்குப் பிறகு அவளைப் பார்த்ததே இல்லை. எதிரே போய் நின்றால் யாரென்று கேட்பானே என்பதுதான் அனீசியாவின் கவலை. ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்தாள்.

'கிரிகோரே, இவளை உனக்கு அடையாளம் தெரியாது. மூக்கு உன்னுடையது, பிடிவாதம் என்னுடையது. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கும், நம் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தது. வந்ததும் வராததுமாக எதையும் கேட்காதே. முதலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல். நான் சொல்லிக் கேட்கவில்லை. உன் பேச்சையாவது கேட்கிறாளா பார்.'

உறையின் பசையை நாக்கால் நனைத்து ஒட்டினாள். மேலே பெயர் மட்டும் எழுதினாள், விலாசம் எழுதவில்லை. அதை மகளின் விரல்களுக்கு அடியில் செருகி, குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள்.

நிமிர்ந்து தனாசேயின் சாக்குப் பையைப் பார்த்தாள்.

"மூடியப் போட்டு ஆணி அடிச்சிடுங்கண்ணா."