முந்திரிச் சீஸின் முதல் நாள்

ஒரு பீட்சா கடையின் கண்ணாடி ஃபிரிட்ஜுக்குள் பால் சீஸ் பல வருஷமாக ராஜா மாதிரி இருந்தது. ஒரு நாள் காலையில் அதன் பக்கத்தில், முந்திரிப் பருப்பில் செய்த சீஸ் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

“பாலே இல்லாம நீ எப்படி சீஸ் ஆன?” என்று கேட்டது பால் சீஸ்.

“முந்திரியை ஊறவெச்சு, அரைச்சு, புளிக்க வெச்சாங்க.”

“சூடு பட்டா என்னை மாதிரி நூல் நூலா நீளுவியா?”

“அவ்வளவு நீள மாட்டேன். உருகுவேன்.”

“அப்புறம் உன்னை யார் கேப்பாங்க?”

சாயங்காலம் வரை முந்திரிச் சீஸை யாரும் கேட்கவே இல்லை.

ஆறு மணிக்கு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அற்புதராஜ் குடும்பத்தோடு வந்தார். பால் சேர்ந்த எதைச் சாப்பிட்டாலும் அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். மற்றவர்கள் பீட்சா சாப்பிடும்போது அவர் எலுமிச்சை ஜூஸோடு உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கடைக்காரப் பெண் முந்திரிச் சீஸைப் பற்றிச் சொன்னாள். பாதியை எடுத்து, அவருக்கென்று தனித் தட்டில் பீட்சா செய்து கொடுத்தாள்.

முதல் துண்டை அவர் பயந்து பயந்து கடித்தார். இரண்டாவதைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மூன்றாவதற்கு மனைவி கை நீட்டியபோது, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“உனக்குத்தான் பால் சீஸ் பீட்சா இருக்கே, எஸ்தர். இது என்னுது.”

ஃபிரிட்ஜில் மீதியிருந்த பாதி முந்திரிச் சீஸ் நிமிர்ந்து உட்கார்ந்தது. பால் சீஸ் கண்ணாடி வழியாக அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இத்தனை வருஷத்துல,” என்றது கடைசியில், “எனக்காக யாரும் இப்படித் தட்டை இழுத்துக்கிட்டதில்லை.”