சுண்டுவிரல்

"இந்த அழுமூஞ்சி சாப்ட்வேர்தான் வேணும்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கிற, எல்வின்?" என்று சான்ட்ரா கேட்டாள்.

கோயில் பாடகர் குழுவுக்கு அவள்தான் தலைவி. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது.

அவள் கேட்டது நியாயம்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கும் எல்வினின் அண்ணன் டேவிட்சன், தம்பிக்குப் புதுமாதிரி கீபோர்டு ஒன்று அனுப்பியிருந்தான். கட்டைகள் ரப்பர் மாதிரி அமுங்கும். அழுத்திய விரலை லேசாக நகர்த்தினால் சுரமும் கூடவே ஏறும், இறங்கும். தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாரும் பரோட்டா மாவு என்று சிரித்தார்கள்.

ஆனால் அதற்கென்று சொந்தமாகச் சத்தம் கிடையாது. லேப்டாப்பில் இசை சாப்ட்வேர் ஒன்றைப் போட்டு இணைத்தால்தான் பாடும்.

எல்வின் மூன்றைப் போட்டுப் பார்த்தான். முதலாவதில் டிரம்ஸ், டிரம்பெட், மணியோசை எல்லாம் இருந்தது. குழு மொத்தமும் அதற்குத்தான் கை தூக்கியது. எல்வின் மட்டும் மாட்டேன் என்றான்.

"அதுல ஒரு விரல் வழுக்குனா, அழுத்தியிருக்கிற எல்லாச் சுரமும் சேந்து வழுக்குதுக்கா."

"நீ ஏன் வழுக்குற? ஒழுங்கா வாசி."

எல்லாரும் சிரித்தார்கள். எல்வினும் சிரித்தான். ஆனால் மனம் மாறவில்லை.

இரண்டாவதை அவனுடைய பழைய லேப்டாப் தாங்கவில்லை. பாதிப் பாட்டில் மூச்சு நின்றது. மூன்றாவது, கரண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி சாம்பல் நிறத் திரை. வயலின் தவிர உருப்படியான சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு விரலையும் அது தனித்தனியாகப் புரிந்துகொள்ளும் என்றான். அதையே பிடித்துக்கொண்டான்.

புதுப் பொம்மையை ஊருக்குக் காட்டப் போகிறான், அவ்வளவுதான் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

சான்ட்ராவுக்கு வேறு கவலை இருந்தது. எல்சி அத்தை.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் எல்சி அத்தைதான் வருசா வருசம் கிறிஸ்துமஸ் பாட்டின் கடைசிச் சரணத்தைத் தனியாகப் பாடுவாள். பின்னால் குழு மெல்ல 'ம்' என்று சுதி பிடித்து நிற்கும். குவைத்தில் இருக்கும் அவள் மகன் அடைக்கலராஜ் வேலைக்கு நடுவில் போனில் அதை நேரலையில் கேட்பான். அவனுக்கு அதுதான் கிறிஸ்துமஸ்.

இந்த மழைக்காலத்தில் அத்தைக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து அந்தச் சரணத்தின் மேல் இடத்தில் குரல் நிற்பதில்லை. கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அது அத்தைக்குத் தெரியாது. வேறு யாராவது பாடட்டுமே என்ற முணுமுணுப்பை சான்ட்ரா ஒருத்திதான் தடுத்து வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் பாட்டுத்தாள் வாங்க எல்வின் வீட்டுக்குப் போனாள். உள்ளே எல்சி அத்தையின் குரல் கேட்டது. போனில் பதிவு செய்தது. அதே மேல் இடம். அதே இறக்கம். திரும்பவும் அதே இடம். எல்வின் கீபோர்டின் மேல் குனிந்து தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை சுதி விடுறதை ரெக்கார்டு பண்ணி வச்சு ரசிக்கிறியா?"

எல்வின் பதறி எழுந்தான். "இல்லக்கா. பழகுறேன்."

"எதை?"

அவன் போனை எடுத்துப் பதிவை நிறுத்தினான்.

"மத்தவங்களுக்குப் போட்டுக் காட்டி அத்தையை நிறுத்தலாம்னு பாக்குறியா? கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவங்களுக்கு ஒரு தலைகுனிவு வந்துச்சுன்னா, உன் பரோட்டா மாவோட நீயும் வெளியதான்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் காலை. கோயில் நிறைந்திருந்தது. வாசலில் கிடந்த செருப்புகளில் எல்லாம் வயல் சேறு. அடைக்கலராஜுக்காக முன்வரிசையில் ஒரு போனை நிறுத்தி வைத்திருந்தார்கள். சான்ட்ரா எல்வின் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கடைசிச் சரணம். எல்சி அத்தை மேல் இடத்துக்கு ஏறினாள். வழக்கம்போலக் குரல் நழுவியது.

ஆனால் நழுவியது போல யாருக்கும் தோன்றவில்லை. எல்வினின் கீபோர்டு வயலினும் அதே இடத்தில் இழைந்து இறங்கி, குரலோடு சேர்ந்து நின்றது. முன்வரிசையில் ரெண்டு தலைகள் ஆடின. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் குவைத்திலிருந்து போன் வந்தது. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, அந்த இடத்துல புதுசா ஒரு குழைவு குடுத்தீங்களே, யாரும்மா சொல்லிக் குடுத்தா? இங்க ரூம்ல எல்லாருக்கும் திரும்பப் போட்டுக் காட்டினேன்."

அத்தைக்கு முகமெல்லாம் பூரிப்பு. போனை வைத்துவிட்டு நேராக எல்வினிடம் வந்தாள். யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, அந்த இடத்துல உனக்குச் சுதி இறங்கிருச்சுல்ல? பயந்துக்காத, யாருக்கும் தெரியலை. நானும் உன்கூடவே இறங்கிச் சமாளிச்சுட்டேன்."

எல்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா அத்தை. புதுக் கட்டையில்ல, விரல் வழுக்கிருச்சு."

பக்கத்தில் நின்ற சான்ட்ரா அந்தக் கையைப் பார்த்திருந்தாள். குழுவின் சுதியைப் பிடித்திருந்த மூன்று விரல்களும் அசையவே இல்லை. சுண்டுவிரல் மட்டும் அத்தையின் குரலுக்காகக் காத்திருந்து, அது நழுவிய கணத்தில், அதைத் தாங்கிக்கொண்டே கூட இறங்கியது.

சாம்பல் நிறத் திரையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அத்தையின் தோளில் கை போட்டுக்கொண்டு எல்வினை அதட்டினாள்.

"அடுத்த வருசமாவது பாத்து வாசி, எல்வின். ஒவ்வொரு தடவையும் அத்தையே உன்னைக் காப்பாத்துவாங்களா?"