வாசிப்பறையில் கணக்கப்பிள்ளை

கரவனெல்லைக்குப் பக்கத்திலுள்ள சிறு நூலகத்தில் ஷாமிளாவின் நூலகவியல் பயிற்சிக்கு இன்று கடைசி நாள். வாசிப்பறையில் ஒருவர் கைபேசியில் உரக்கச் சிரித்துப் பேசுகிறார். ரப்பர்த் தோட்டத்தில் அவள் அம்மாவுக்குப் பால்வெட்ட மரம் ஒதுக்கித் தரும் கணக்கப்பிள்ளை அவர். படிப்பவர்கள் ஒவ்வொருவராக நிமிர்கிறார்கள். "போய்ச் சொல்லும் பிள்ளை, இதுக்கும் புள்ளி இருக்கு" என்கிறார் நூலகர் ஞானாம்பிகை, மதிப்பீட்டுத் தாளைப் பிரித்தபடி. மின்விசிறியின் இரைச்சலைவிடத் தன் செருப்பின் ஓசை பெரிதாகக் கேட்கிறது ஷாமிளாவுக்கு. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஐயா..." என்கிறாள். அவர் கைபேசியை மார்பில் கவிழ்த்து ஏறிட்டுப் பார்க்கிறார். "நீ புஷ்பத்தோட மகதானே?" "ஆமாங்க." நாளைக் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க அம்மா இவர் முன்னால்தான் நிற்க வேண்டும். "இங்க பேசக்கூடாதுங்க. வெளிய போய்ப் பேசுங்க." அவர் அசையவில்லை. மேசை விளிம்பை விடாமல், அவர் எழும்வரை ஷாமிளா அங்கேயே நிற்கிறாள்.