நிலை வைத்த மனை

வடிவம்மாள் கேட்டது அரசு வீட்டுக்கடன். வந்ததோ மஞ்சள் முளைக்கம்பியோடு ஓர் எந்திரம்.

“இருபது ஆண்டுகளில் இந்த ஊரில் யாரும் இருக்க மாட்டீர்கள் என்பது எங்கள் கணிப்பு. ஆகவே இங்கே வீடு கட்டக் கடன் இல்லை. நகரத்துக்குப் போனால் உண்டு,” என்று அது பணிவாகச் சொன்னது. “நாளை இந்த மனையின் நடுவே முளை அடிப்பேன். பிறகு இதன்மேல் யாரும் கடன் கேட்க முடியாது.”

“நாங்க இருக்க மாட்டோம்னு சொல்லுததுக்கு நீ யாரு?”

அது முளைக்கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

வடிவம்மாள் நேராக ஆசாரி பட்டறைக்குப் போய், வீட்டுக்கென்று செய்து வைத்திருந்த வேப்பமர வாசல் நிலையை வண்டியில் ஏற்றி வந்தாள்.

“அஸ்திவாரமே போடல, அதுக்குள்ள நிலை வச்சா ஊரு சிரிக்கும்ட்டி,” என்றான் அவள் கணவன் சுயம்பு.

“சிரிக்கட்டும். நீங்க அந்தப் பக்கம் பிடிங்க.”

வெறும் மண்ணில் நிலை நின்றது. மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, முன்னால் கோலம் போட்டாள். பின்னால் கட்டிலையும் அடுப்பையும் கொண்டுவந்து குடியேறினார்கள்.

மறுநாள் காலை எந்திரம் வந்தது. நிலையின் இருபுறமும் சுவரில்லை. ஆடுகள் அந்தத் திறந்த பக்கங்கள் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தன. எந்திரம் மட்டும் கோலத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. குடியிருக்கும் வீட்டுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது என்பது அதற்கு விதி.

“உள்ளே வரலாமா?”

“வரக்கூடாது,” என்றாள் வடிவம்மாள், குழம்பைக் கிண்டியபடி.

“இங்கே வீடு இல்லை என்று பதிவு இருக்கிறது, அம்மா.”

அவள் கரண்டியோடு நிமிர்ந்தாள்.

“வீடு இல்லன்னா, பெறவு எதுக்கு வாசல்ல நிக்கே?”